மும்பையின் மாலை ஏழு மணி

சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "கூரைக்குக் கூரை சோலார் போட்டுவிட்டால் டிராம்பே புகைபோக்கியை மூடிவிடலாம்தானே, சார்?" செம்பூரில் குடியிருப்பவர், கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. டிப்ளமா முடித்து முப்பத்தைந்து வருடம் ரயில்வே மின்சாரப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மும்பைக்கு முதலில் வந்த பெரிய மின்சாரம் நிலக்கரியால் வந்ததல்ல. 1915-ல் கோபோலி, 1922-ல் பிவ்புரி, 1927-ல் பீரா என்று மலை மழைநீரை இறக்கித்தான் மில்களை ஓட்டினார்கள். டிராம்பே அனல் நிலையம் 1956-ல் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளில் எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்த்து லோக்கல் வண்டி விடுவதில்லை. காலை எட்டரைக்கு டோம்பிவிலி பிளாட்பாரத்தில் எத்தனை தலை என்று பார்த்துத்தான் விடுகிறோம். மின்சாரமும் அப்படியே. சோலார் மதியம் அள்ளிக் கொடுக்கும். மாலை ஏழு மணிக்கு ஏ.சி., லிப்ட், விளக்கு எல்லாம் ஓடும்போது அது பூஜ்யம்.

அடுத்தது கம்பி. கோடையில் மும்பையின் தேவை 4,000 மெகாவாட்டைத் தாண்டும். டிராம்பே 930, தஹாணு 500, மலை நீர் நிலையங்கள் 447 – நமக்கென்று அருகில் இருப்பது இவ்வளவே. மற்றது கல்வா, பட்கா வழியாக வெளியிலிருந்து வர வேண்டும். 12.10.2020 காலை பத்து மணிக்கு என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு 400 கே.வி. பாதை பழுது பார்க்க நிறுத்தப்பட்டிருந்தது. மற்றவையும் அடுத்தடுத்து அறுந்தன. வெளித்தொடர்பு போனால் நகரம் தனித்து நிற்பதற்கென்று 1981 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. அன்று உள்ளே உற்பத்தி போதாமல் அதுவும் கைவிட்டது. லோக்கல்கள் நடுவழியில் நின்றன. கொரோனா காலம் வேறு. ஆஸ்பத்திரிகளில் ஜெனரேட்டரை நம்பி எத்தனை உயிர்கள்!

ஆகவே அருகிலுள்ள நிலக்கரி நிலையம் புகை மட்டும் விடுவதில்லை, நகரத்தைத் தாங்கியும் பிடிக்கிறது. மாற்று வைக்காமல் எடுத்தால் பந்தல் சாயும். என் கணக்கில் முதலில் கம்பி, பிறகு சேமிப்பு, கடைசியில்தான் புகைபோக்கி. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த கார்கர் – விக்ரோலி 400 கே.வி. பாதை ஒருவழியாக 2023-ல் வந்துவிட்டது. கோபுரம் என் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், ஆனால் கரண்ட் மட்டும் போகக் கூடாது என்றால் எப்படி?

சேமிப்புக்கு மலையே இருக்கிறது. உபரி மின்சாரத்தில் கீழ்த் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி, மாலையில் திறந்துவிடுவது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களிலேயே 400 மெகாவாட்டுக்கு இப்படி அமைத்தார்கள். பீராவிலும் 150 மெகாவாட் உண்டு. நான்கு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்றுதான் திரும்பும். மதியம் வீணாகும் மின்சாரம் என்றால் அதுவும் லாபமே. பிவ்புரியில் 1,000, ஷிராவ்டாவில் 1,800 மெகாவாட்டுக்கு 2023-ல் ஒப்பந்தமாகியிருக்கிறது. கட்டி முடிக்க வருடங்களாகும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று. எங்கள் சொசைட்டியில் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை மாலை ஏழிலிருந்து மதியம் ஒன்றுக்கு மாற்றினோம். செக்ரட்டரியைச் சம்மதிக்க வைக்க இரண்டு மீட்டிங் ஆயிற்று.