ஜனவரியில் ஓடும் கம்ப்யூட்டர் ஜூனில் ஓடுமா?

டில்லியில் குளிர் நடுக்கும் ஜனவரி மாதம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை நேரு பிளேஸில் உதிரிப் பாகங்கள் வாங்கி வந்து, தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடிக்கிறான். அதோடு நில்லாமல், கம்பெனி குறித்த வேகத்துக்கும் மேலாகப் பிராசஸரை முடுக்கி விடுகிறான். கடுமையான வேலை கொடுத்துப் பார்த்தாலும் உஷ்ணம் 70 டிகிரி சென்டிகிரேட்தான். பிள்ளைக்குப் பெருமை பிடிபடவில்லை. மே மாதம் பிறந்ததும் அதே கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுவிடுகிறது. காரணம் என்ன?

பிராசஸரின் வேகத்தை இப்படி ஏற்றுவதற்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர். இது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1998-ல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசஸரின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதை 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி மகிழ்ந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

லாபம் பத்து, சூடு முப்பத்து மூன்று

வேகத்தைக் கூட்டினால், தடுமாறாமல் ஓடுவதற்கு வோல்டேஜையும் கூட்ட வேண்டி வருகிறது. வினை அங்கேதான். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் பிறக்கும் வெப்பமும் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். வோல்டேஜைப் பத்து சதவீதம் கூட்டினாலோ, வெப்பம் 21 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்தால் 33 சதவீதம்!

எதுவரை போகலாம்?

ஒவ்வொரு பிராசஸருக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசஸருக்கு அது 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸுக்கு 90. ரைசன் 7 7700எக்ஸுக்கு 95. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் எரிந்து போய்விடாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆகவே வரம்பை ஒட்டி ஓட்டுகிறவர் ஏற்றிய வேகத்தையே இழக்கிறார். முழு வேலையின்போது வரம்புக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி இடைவெளி இருப்பது நல்லது.

உஷ்ணத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. வெப்பமும் மின்னோட்டமும் சேர்ந்து சில்லின் உள்ளே உள்ள நுண்ணிய உலோகப் பாதைகளை நாளடைவில் அரிக்கின்றன. இந்தத் தேய்மானத்துக்கான சமன்பாட்டை ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி 1969-லேயே தந்தார். அளவு மீறிய வோல்டேஜும் ஆபத்தே. 13, 14-ம் தலைமுறை பிராசஸர்கள் சிலவற்றில் ஏற்பட்ட கோளாறுக்கு மிகையான வோல்டேஜ் காரணம் என்று இன்டெல் கம்பெனியே 2024-ல் அறிவித்தது.

மே மாதக் கணக்கு

இப்போது நம் பிள்ளையின் கதைக்கு வருவோம். விசிறி என்ன செய்கிறது? பிராசஸரின் சூட்டை அறைக் காற்றில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தக் காற்றே சூடாக இருந்தால் அது என்ன செய்யும், பாவம்! ஜனவரியில் அறை 15 டிகிரி, பிராசஸர் 70 டிகிரி, வித்தியாசம் 55. இந்த வித்தியாசம் அனேகமாக மாறுவதில்லை. மே மாதத்தில் அறை 40 டிகிரி ஆனால், பிராசஸர் 95-ஐத் தொட்டுவிடும். குளிர்நாட்டார் சொல்லும் கணக்கை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான்.

எனவே பிராசஸருக்கு அரைமணி நேரம் முழு வேலை கொடுங்கள். அதன் உஷ்ணத்திலிருந்து அறையின் உஷ்ணத்தைக் கழியுங்கள். மிச்சத்தோடு உங்கள் அறையின் கோடைகால உஷ்ணத்தைக் கூட்டுங்கள். வரும் விடை வரம்பை நெருங்கினால், முதலில் வோல்டேஜை இறக்குங்கள்.

புழுதிக்காற்று அடித்து ஓய்ந்ததும் விசிறியையும் வலைத்தட்டுகளையும் சுத்தம் செய்யுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஏர்கூலரின் ஈரக்காற்று நேராகப் பெட்டிமேல் படக் கூடாது. ஓவர்கிளாக் செய்ததால் பழுதானால் வாரண்டி கிடைக்காமல் போகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆசை விடவில்லையா? ஏப்ரல் பிறந்ததும் பழைய வேகத்துக்கே திருப்பிவிடுங்கள். தீபாவளி கழிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம்!