கடனும் கண்ணியமும் - 6: வாசலில் நிற்கும் வசூல்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். மனு கொடுக்க வந்தவர்களின் கண்ணெதிரே ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்கிரையானது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கந்துவட்டி மிரட்டல் பற்றி ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்த குடும்பம் அது.

சட்டம் இல்லாமல் இல்லை. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்து, மூன்றாண்டு வரை சிறை என்றது 2003-ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம். அந்த மனுக்களைக் கையில் வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை.

இன்று கிராமத்து வாசல்களில் நிற்பவர் பெரும்பாலும் அடையாள அட்டை மாட்டிய, நுண்கடன் நிறுவனத்தின் ‘குழு லோன்’ வசூல்காரர். ஒருத்தி டியூ கட்டத் தவறினால் குழுவின் மற்றப் பெண்களை எழுந்து போகவிடாமல் உட்காரவைக்கிறார்கள். இருட்டிய பிறகும் திண்ணையை விட்டு நகர்வதில்லை. பிள்ளைகள் முன்னால் ஏசுகிறார்கள். ஊர் பார்க்கிறதே என்ற கூச்சத்தில் அந்தப் பெண் இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கி இந்தக் கடனை அடைக்கிறாள்.

வசூல்காரரின் இந்தச் செயல்கள் எதற்கும் அனுமதியில்லை. நுண்கடன் வசூல், இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் நடக்க வேண்டும் என்கிறது 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கடனாளியின் பெயரை வெளியிடவும் கூடாது.

கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழகச் சட்டமன்றமும் 2025-இல் தனிச் சட்டம் இயற்றியது. மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வாங்கிய கடனைத் திருப்பித் தந்துதான் ஆக வேண்டும். ஆனால் மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை. வந்தவரின் பெயரையும் அடையாள அட்டையையும் கேளுங்கள். நாள், நேரம், பேசிய வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். போன் பேச்சைப் பதிவு செய்யுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, 14448-இல் வழி கேட்கலாம். அடிப்பேன், தூக்குவேன் என்றால் நேராகக் காவல் நிலையம். புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மனம் உடைந்து போனால் 104-ஐ அழையுங்கள்; எந்நேரமும் பேச ஆள் உண்டு.

பக்கத்து வீட்டு வாசலில் வசூல்காரர் குரல் உயர்ந்தால், அது அவர்கள் கடன் என்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். நாளை காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாட்சி தேவைப்படும்.

(தொடரும்)