நம்பரைப் பாரு... அப்புறம் விலையைப் பேசு!

பழைய யுத்தப் படங்கள்ல ஜெர்மன் ஆபீஸர் இடுப்பிலிருந்து ஒண்ணை உருவுவாரே... மெலிசான குழல், சாய்ஞ்ச கைப்பிடி? அதுதான் லூகர் பி08. 1908-ல் ஜெர்மன் ராணுவம் ஏத்துக்கிட்ட பிஸ்டல். உலகப் போர்களில் அமெரிக்க சிப்பாய்கள் இதை ஞாபகார்த்தமா வீட்டுக்கு அள்ளிட்டுப் போனாங்க. அதனால அமெரிக்காவில் இன்னிக்கும் தாத்தாவோட பெட்டியிலிருந்து லூகர் கிளம்பி வருது. விற்கிற பேரனுக்கும் வாங்க வர்றவருக்கும் ஒரே கேள்விதான்... 'இந்த விலை நியாயமா?'

மெக்கானிக்கல் பசங்களா, இது நம்ம சப்ஜெக்ட்! லூகரோட குட்டிப் பாகங்களில்கூட நம்பர் இருக்கும். உடம்பில் முழு நம்பர், சின்னப் பாகங்களில் அதோட கடைசி இரண்டு இலக்கம். ஏன்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாகத்தையும் ராவி, பொருத்திப் பார்த்துத்தான் சேர்த்தாங்க. இதோட பாகம் அதுக்கு கச்சிதமா உட்காரும்னு கியாரன்டி கிடையாது.

அதே நம்பர்தான் இன்னிக்கு விலையைத் தீர்மானிக்குது. எல்லாம் ஒரே நம்பர்னா ராஜா விலை. ஒண்ணு மாறியிருந்தாலும் சரசரன்னு இறங்கிடும். மேகஸினிலும் அதே நம்பர் இருந்தா போனஸ்! ஆனா உஷார்... இதுக்காகவே பழைய நம்பரை அழிச்சு, புதுசா அடிக்கிற கில்லாடிகளும் உண்டு.

அடுத்த ஆப்பு, பேரன் தானே வெச்சுக்கிறது. 'துருவா இருக்கே'ன்னு எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, புதுசா நீல பாலீஷ் ஏத்திடுவார். பார்க்க பளபள... மதிப்பு பாதியாகூட ஆகிடும்! முனைகள் மழுங்கி, முத்திரை எழுத்துகள் தேய்ஞ்சிருந்தா அனுபவசாலிகள் கண்டுபிடிச்சிடுவாங்க. துரு வயசோட அடையாளம், பாலீஷ் பொய்யோட அடையாளம். இது அவங்க கணக்கு.

'கூடவே பழைய தோட்டாவும் தர்றேன்'னு மொத்தமா ஒரு விலை சொன்னா, அங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. இரண்டையும் பிரிச்சுக் கணக்குப் போடணும். பிரிக்காத அசல் அட்டைப்பெட்டின்னா, அந்தப் பெட்டிக்கே தனி மதிப்பு. உதிரித் தோட்டான்னா பெருசா ஒண்ணுமில்லை. சுடவும் லாயக்கில்லை. அந்தக் கால ப்ரைமர்களில் பலதும் உப்பை விட்டுட்டுப் போகும். அது ஈரத்தை இழுத்து குழலையே அரிச்சிடும். சுடறதுக்குன்னா இன்னிக்குத் தயாராகிற 9 மி.மீ. தோட்டாவே மலிவு.

சரி, நியாய விலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்கிற விலையை விட்டுடுங்க, கைமாறின விலையைப் பாருங்க. 1907-ல் அமெரிக்க ராணுவச் சோதனைக்காக .45 அளவில் விரல் விட்டு எண்ணக்கூடிய லூகர்களைச் செஞ்சாங்க. அதில் ஒண்ணு 1989-ல் பத்து லட்சம் டாலருக்குப் போனதா பேசினாங்க. 'மில்லியன் டாலர் லூகர்'னு பட்டமே வந்துடுச்சு. அதே பிஸ்டல் 2010 ஏலத்தில் போனது 4,94,500 டாலருக்கு. பட்டம் அப்படியே இருக்கு, விலைதான் பாதி!

நம்ம ஊர்ப் பரணில் இப்படி ஏதாவது கிடைச்சா விலை பேசிட்டு நிக்காதீங்க பாஸ். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி மட்டுமில்லை, தோட்டா வெச்சிருந்தாலும் குற்றம். நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்.

ஆனா இந்தப் பாடம் தாத்தாவோட வாட்ச், பழைய புல்லட்னு எதுக்கும் பொருந்தும். விற்கிறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு தேய்க்காதீங்க!