ஏட்டில் உறங்கும் இசைச் செல்வம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஒரு கவிஞருக்கென்று தனி மேடை இடப்பட்டிருந்தது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அதன்மீது நின்று, பகைவரின் வசைப்பாக்களுக்கு மறுமொழியாகக் கவி பொழிவார்கள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் தம் கவிதையைப் பாடிக் காட்டியபோது, அண்ணலார் தாம் போர்த்தியிருந்த போர்வையையே எடுத்து அவர்களுக்கு அணிவித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. நற்கருத்தைத் தாங்கிய பாவுக்கு இஸ்லாம் அளித்த மதிப்பு அத்தகையது.

அம்மதிப்பை உணர்ந்த தமிழ் முஸ்லிம் புலவர்கள் கிஸ்ஸா, மஸலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய பாவகைகளையே வழங்கினர். ஆயினும் இன்று நம் இல்லங்களில் இஸ்லாமியப் பாடல் என்றதும் நினைவுக்கு வருவது நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் கம்பீரக் குரலே. 2015ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் அக்குரல் ஓயவில்லை. அது தகுதியான புகழே. எனினும் ஒரு பெருமரத்தின் நிழலில் நின்றுகொண்டு தோப்பையே மறந்துவிடலாகாது அல்லவா?

அவர் பாடிய பாடல்கள் சிலவற்றை இயற்றிய நாகூர்ப் புலவர் ஆபிதீன் அவர்களை இன்று எத்தனை பேர் அறிவர்? அதே நாகூரில் கருநாடக இசையை முறையாகப் பயின்று, தர்கா வித்வானாக விளங்கிய எஸ்.எம்.ஏ. காதர் அவர்களின் பெயரும் இளந்தலைமுறையின் செவிக்கு எட்டவில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் காயல்பட்டினம் காசிம் புலவரைக் காண்கிறோம். அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்தைத் தழுவி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது அவர் திருப்புகழ் பாடினார். பொருளை ஆராயுமுன்னரே தாளம் நம்மை ஈர்த்துக்கொள்ளும். வாய்விட்டுப் பாடினாலன்றி அதன் சுவை முழுமையாகப் புலப்படாது. இந்நூலிலிருந்து ஒரு பாடலையேனும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

பெண்டிரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். கீழக்கரையில் தனித்திருந்து இறைதியானத்தில் திளைத்த செய்யிது ஆசியா உம்மா அவர்கள் ‘மெய்ஞ்ஞானத் தீப இரத்தினம்’ என்னும் ஞானப் பாடல்களை அருளினார்கள். நம் பெண்மக்களுக்கு அவை அரிய சீதனமாகும்.

இச்செல்வம் மறைந்ததற்குக் காரணம் என்ன? நம் முன்னோர் பலவற்றை அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழ்ச் சொற்களை அமைத்து எழுதினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் ‘தலைப் பாத்திஹா’வும் அவ்வாறு எழுதப்பட்டதே. அவ்வெழுத்தைப் படிப்போர் குறையக் குறைய, ஏடுகள் இருந்தும் பாடல்கள் ஊமையாயின. ஏடு பாடலைக் காக்கும். ஆனால் நாவே அதை வாழவைக்கும்.

இதற்குத் தக்கலையே சான்று. ஞானமேதை பீர் முகம்மது அப்பா அவர்களின் ‘ஞானப்புகழ்ச்சி’யை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் மக்கள் திரளாக அமர்ந்து இரவு முழுவதும் பாடுகின்றனர். தந்தை பாட மகன் கேட்கிறான். மறு ஆண்டு மகனும் சேர்ந்து பாடுகிறான். நூற்றாண்டுகள் கடந்தும் அப்பாடல் வாழ்வதன் இரகசியம் இதுவே.

ஆகவே அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பாட்டிமார் ஓதிவந்த மாலையோ முனாஜாத்தோ அவர்கள் நினைவில் இன்னும் இருக்கலாம். அருகில் அமர்ந்து கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வையுங்கள். இயற்றியவர் பெயர் தெரிந்தால் அதையும் மறவாமல் குறியுங்கள். பொருளறிந்து, மார்க்கத்திற்கு இசைந்தவற்றைத் தேர்ந்து பாடுங்கள். பாட்டி மறைந்தபின் எந்த நூலகத்திலும் அந்த மெட்டு கிடைக்காது.

முன்னோர் விட்டுச்சென்ற இந்த அமானிதத்தை அடுத்த தலைமுறையிடம் பழுதின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.