குப்பைப் பெட்டியில் விழும் நல்ல கடிதங்கள்: கண்டறிந்து மீட்கும் முறை

விதை நெல்லைச் சலிக்கும்போது தூசியும் கருக்காயும் கீழே விழுகின்றன. சல்லடைக் கண் சற்றுப் பெரியதாக இருந்தால், அவற்றுடன் முளைக்கக்கூடிய நல்ல மணிகளும் சேர்ந்து விழும். ஆகவே, கீழே விழுந்ததையும் ஒருமுறை கையால் அளைந்து பார்ப்பது அனுபவமுள்ள விவசாயிகளின் வழக்கம். மின்னஞ்சலுக்கும் இதே கவனம் தேவை.

பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, அங்ககச் சான்று ஆகியவை குறித்த கடிதங்கள் இப்போது மின்னஞ்சலில் வருகின்றன. மோசடிக் கடிதங்களைத் தடுக்க மின்னஞ்சல் நிறுவனங்கள் தானியங்கிச் சல்லடை வைத்துள்ளன. சந்தேகத்திற்குரியவை ‘ஸ்பேம்’ என்னும் தனிப் பெட்டிக்குத் தள்ளப்படுகின்றன. அங்கு விழும் கடிதத்திற்குப் பொதுவாகக் கைப்பேசியில் மணி ஒலிப்பதில்லை. ஜிமெயிலில் 30 நாட்களுக்குப் பின் அது தானாகவே அழிந்துவிடும். “வங்கிக் கணக்கில் உள்ள பெயர் பொருந்தவில்லை, உரிய ஆவணத்துடன் அணுகவும்” என்ற கடிதம் அங்கே கிடந்து அழிந்தால், சேர வேண்டிய பணம் தாமதமாகலாம், கிடைக்காமலும் போகலாம்.

நல்ல கடிதம் தவறாகக் கருதப்படுவது ஏன்?

1. அனுப்புபவர் தம் முகவரிக்கு உரிய அடையாளச் சான்றுகளைச் சரிவரப் பதியாமல் இருப்பது. 2024 பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் கடிதம் அனுப்புவோர் இச்சான்றுகளைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று ஜிமெயில் விதித்துள்ளது.

2. ஒரே கடிதம் ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பப்பட்டு, அதனைப் பலர் ‘ஸ்பேம்’ என்று குறித்திருப்பது.

3. ‘உடனடி’, ‘பணம்’, ‘கணக்கு’ போன்ற சொற்களும் இணைப்புகளும் மோசடிக் கடிதத்தை ஒத்திருப்பது.

4. பெறுபவரே முன்பு கை தவறி அந்த முகவரியைக் குப்பை என்று குறித்திருப்பது.

சோதிக்கும் முறை

வாரம் ஒரு முறை, சந்தை நாள் போல ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, ஸ்பேம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை உண்மையிலேயே குப்பைதான். தெரிந்த அலுவலகத்தின் பெயர் தென்பட்டால், அனுப்பியவரின் முழு முகவரியைப் பார்க்க வேண்டும். பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். முகவரியின் கடைசிப் பகுதியே முக்கியம். மத்திய, மாநில அரசு முகவரிகள் பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.’ அல்லது ‘என்.ஐ.சி. புள்ளி ஐ.என்.’ என்று முடியும். அதற்குப் பின் வேறு எழுத்துகள் ஒட்டியிருந்தால் அது போலி.

முகவரி சரியாகத் தோன்றினாலும் கடிதத்தில் உள்ள இணைப்பை அழுத்தக் கூடாது. அதிலுள்ள தொலைபேசி எண்ணையும் நம்பக் கூடாது. பாஸ் புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணில் வங்கிக் கிளையைக் கேட்கலாம். பயிர்க் காப்பீடு பற்றியதாயின் 14447 என்ற உதவி எண்ணில் விசாரிக்கலாம். கடிதம் அவர்கள் அனுப்பியதுதான் என்று உறுதியான பின்னரே மேற்கொண்டு செயல்பட வேண்டும். ஓ.டி.பி. எண்ணையும் கடவுச்சொல்லையும் எந்த நிலையிலும் எவருக்கும் தெரிவிக்கக் கூடாது.

மீட்கும் முறை

உண்மையென உறுதியான கடிதத்தைத் திறந்து, ‘ஸ்பேம் அல்ல’ என்ற பொத்தானை அழுத்தினால் அது வழக்கமான பெட்டிக்கு வந்துவிடும். அந்த முகவரியைத் தொடர்புப் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதனால் அடுத்த கடிதம் தவறி விழும் வாய்ப்பு குறையும்.

கவனிக்க வேண்டியவை

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது மையத்தாரின் மின்னஞ்சலைக் கொடுக்காமல், சொந்த முகவரியையோ வீட்டிலுள்ள பிள்ளைகளின் முகவரியையோ கொடுக்க வேண்டும். பிறர் பெட்டியில் விழும் கடிதத்தைச் சலித்துப் பார்க்க வழியில்லை. விண்ணப்பித்து நாளாகியும் பதில் வராவிட்டால், முதலில் ஸ்பேம் பெட்டியைப் பார்த்து, பிறகு அலுவலகத்தை அணுகலாம். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

சல்லடை தள்ளியது என்பதற்காக எல்லாம் பதரும் அல்ல; சல்லடையில் நின்றது என்பதற்காக எல்லாம் விதையும் அல்ல. இரண்டையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும் விவசாயிக்கு நஷ்டம் குறைவு.