கல்லீரலைத் தேடிச் செல்லும் மருந்து

கல்லீரல் நோய்க்காக உட்கொள்ளும் மருந்து கல்லீரலுக்கு மட்டும் செல்வதில்லை. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது. நோயில்லாத உறுப்புகளும் அதன் கடுமையைத் தாங்க நேரிடுகிறது. மருந்தைக் கல்லீரலுக்கே அனுப்ப வழியுண்டா? உண்டு. அவ்வழியைக் காட்டியது சர்க்கரை!

முயல் காட்டிய உண்மை

1960-களின் இறுதியில் அமெரிக்காவில் கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மோரல் என்னும் அறிஞர்கள், இரத்தத்தில் தாமிரத்தைத் தாங்கி நிற்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை ஆராய்ந்தனர். இப்புரதத்தின் மீது சர்க்கரைச் சங்கிலிகள் கிளைகளாக நீண்டிருக்கும். கிளைகளின் நுனியில் சியாலிக் அமிலம் தொப்பிபோல் அமர்ந்திருக்கும். அத்தொப்பியை நீக்கிவிட்டுப் புரதத்தை முயலின் இரத்தத்தில் செலுத்தினர். பல மணி நேரம் இரத்தத்தில் உலவ வேண்டிய புரதம், சில நிமிடங்களில் கல்லீரலில் போய்ச் சேர்ந்தது! தொப்பிக்கு அடியிலிருந்த காலக்டோஸ் என்னும் சர்க்கரையையும் நீக்கியபோதோ, புரதம் மீண்டும் நெடுநேரம் இரத்தத்தில் தங்கியது. கல்லீரல் அடையாளம் கண்டது காலக்டோஸையே என்பது இதனால் தெளிவாயிற்று.

உயிரணுவின் வாயில்

கல்லீரல் உயிரணுக்களின் புறப்பரப்பில் காலக்டோஸைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் ஏராளம். இவற்றை ஏற்பிகள் என்கிறோம். பூட்டில் சாவி பொருந்துவதுபோல் காலக்டோஸ் ஏற்பியில் பொருந்தியதும், உயிரணுவின் சவ்வு உட்குழிந்து சிறு பையாகி உள்ளே செல்கிறது. பையினுள் அமிலத்தன்மை கூடியதும் ஏற்பி தன் பிடியை விடுகிறது. மீண்டும் புறப்பரப்பை அடைந்து அடுத்த சுமைக்குக் காத்திருக்கிறது.

சர்க்கரை மாறினால்?

சர்க்கரை மூலக்கூறுகள் பல கோத்த மாலை போன்றவை பல்சர்க்கரைகள். லார்ச் மரத்திலிருந்து கிடைக்கும் அரபினோகாலக்டன் என்னும் பல்சர்க்கரையில் காலக்டோஸ் மிகுதி. அதனுடன் மருந்தைப் பிணைத்தால், கல்லீரல் உயிரணு இரண்டையும் சேர்த்தே உட்கொள்ளும். ஆனால் எல்லாப் பல்சர்க்கரைகளும் இவ்வாயிலில் நுழைவதில்லை. ஹயலுரானிக் அமிலத்தைக் கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரிலுள்ள உயிரணுக்கள் ஏற்கின்றன. டெக்ஸ்ட்ரான் பூசிய நுண்துகள்களையோ, அங்குக் காவல் புரியும் குப்ஃபர் உயிரணுக்கள் விழுங்குகின்றன. ஆகவே எந்த உயிரணுவுக்கு மருந்து தேவை என்பதை அறிந்தே சர்க்கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வறிவு இன்று பயன் தருகிறது. காலக்டோஸின் நெருங்கிய இனமான ஒரு சர்க்கரையின் மூன்று மூலக்கூறுகளை இணைத்துச் செய்த கிவோசிரான் என்னும் மருந்து, போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய்க்காக 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எனினும் ஒரு தடை உண்டு. கல்லீரல் புற்றுநோய் முற்றும்போது, அவ்வுயிரணுக்களில் பல இந்த ஏற்பிகளை இழந்துவிடுகின்றன. பூட்டே இல்லாத இடத்தில் சாவியால் என்ன பயன்? அங்கே மருந்தைச் சேர்க்க வேறு அடையாளங்களை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.