கரிசலாங்கண்ணியின் சொந்தக்காரர்கள்

வாய்க்கால் வரப்பு, கிணற்றடி என்று ஈரம் கசியும் இடமெல்லாம் கரிசலாங்கண்ணி முளைத்துக் கிடக்கும். தண்டைக் கிள்ளிக் கசக்கினால் வரும் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். அந்தச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, திரியாக்கி எரித்து, படியும் கரியில் கண்மை கூட்டினார்கள் நம் பாட்டிமார்கள். தேங்காயெண்ணெயில் அதே சாற்றை ஊற்றி, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சித் தலைக்குத் தேய்த்தார்கள். இந்தக் கீரையைத் தினமும் உண்ணச் சொன்னவர் வள்ளலார்.

சூரியகாந்திக் குடும்பத்துச் செடி இது. ஒரே பூவாகத் தெரிவது, உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம் என்பதே இக்குடும்பத்தின் அடையாளம். கொட்டைக்கரந்தை, மாசிபத்திரி, பூவாங்குறுந்தல், அக்கரகாரம் எல்லாம் இதன் உறவுகளே. வெட்டுக்காயத்தில் இலையைக் கசக்கிப் பிழிவார்களே, அந்த மூக்குத்திப்பூவும் இந்த வகைதான். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. வந்த செடியையும் சோதித்துப் பார்த்து மருந்தாக்கிக்கொண்டது நம் கிராமத்து அறிவு.

இதே குடும்பத்து மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்து, அதிலுள்ள வெடலோலாக்டோன் என்ற பொருளின் வேதியமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியின் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர்.

மூலிகையைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, பக்குவமும் தெரிய வேண்டும். சீனாவின் து யூயூ, மாசிபத்திரியின் உறவுச்செடி ஒன்றில் மலேரியா மருந்தைத் தேடினார். முதலில் கிடைத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. கே ஹோங் என்பவர் 4ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலோ, செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்த து யூயூ, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்தார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது.

மூலிகை என்பதாலேயே எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. தோலை அரித்தெடுக்கும் பார்த்தீனியமும் இதே குடும்பம்தான். அது ஒவ்வாதவர்களுக்கு அதன் உறவுச்செடிகளும் ஒவ்வாமல் போகலாம். காமாலைக்குக் கரிசலாங்கண்ணி சாப்பிட நினைத்தால், முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; கீரை வைத்தியம் மருத்துவரைக் கேட்ட பிறகு இருக்கட்டும்.

உங்கள் ஊரில் பச்சிலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால், இந்த வாரமே போய்ப் பேசுங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், பச்சையாகவா காய்ச்சியா, எவ்வளவு, யாருக்குக் கூடாது என்று விவரமாகக் கேட்டு எழுதிவையுங்கள். செடி வரப்பில் மறுபடி முளைக்கும். பக்குவம் சொல்ல ஆளில்லாமல் போனால் அதன் மருத்துவம் நமக்குக் கிடைக்காது.